பாயச ஊரில் என்ன ஆராய்ச்சி?

தென்காசியில் சென்ற மாதம் ஒரு கூட்டம். வளரும் நாடு தன் ஆராய்ச்சியை எப்படிக் கட்டி எழுப்புவது என்பது தலைப்பு. பேச வந்தவர் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர், சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் வந்து இறங்கியவர். நன்றாகப் பேசினார், அதில் குறை இல்லை. ஆராய்ச்சிப் பணத்தை மாவட்டந்தோறும் பிரித்துக் கொடுப்பது கோயிலில் சுண்டல் கொடுப்பது மாதிரி, யாருக்கும் வயிறு நிறையாது என்றார். இப்படியே போனால் ஆய்க்குடியில்கூட ஓர் ஆராய்ச்சி நிலையம் கேட்பார்கள், அங்கே போய்ப் பாயசத்தைத்தான் ஆராய வேண்டும் என்றார். சபை சிரித்தது. மேடைக்கு யாரோ நம்ம ஊர்ப் பெருமையை எடுத்துச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது இப்படித் திரும்பி வந்திருக்கிறது. நான் ஆய்க்குடிக்காரன். பள்ளியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன். மரியாதைக்கு நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் அவிழ்த்தது அவர் ஒருவரின் சரக்கு இல்லை. டெல்லியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் குளிரூட்டிய அறைகளில் பல வருஷமாக உலவும் சரக்கு. சாரம் இதுதான்: ஏழை நாட்டுக்கு எல்லா இடத்திலும் ஆராய்ச்சி கட்டுப்படியாகாது, இருக்கிற காசைப் பத்துப் பன்னிரண்டு பெரிய நிறுவனங்களில் குவி, மிச்சத்தைக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும், தேவையான தொழில்நுட்பம் வெளியில் விலைக்குக் கிடைக்கிறது, சின்ன ஊர்கள் பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து அனுப்பி வைத்தால் போதும். கொரியாவைப் பாருங்கள் என்றார். மென்பொருள் கம்பெனி வந்திருக்கும் பக்கத்து மத்தளம்பாறையைப் பாருங்கள் என்றார். ‘ஈகோசிஸ்டம்’ என்ற சொல்லை எண்ணத் தொடங்கி இருபதோடு விட்டுவிட்டேன்.

முதலில் பாயசம். எங்கள் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் நேர்ந்துகொண்டவர்கள் அனுமன் நதிப் படித்துறையில் பாயசத்தை ஊற்றுவார்கள். பிள்ளைகள் குனிந்து படியிலிருந்தே வழித்துச் சாப்பிடும். படிப்பாயசம் என்று பெயர். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் மேடையிலிருந்து பார்க்கும்போது ஆய்க்குடியில் பாயசம் மட்டும் தெரிந்தது என்றால் கோளாறு ஊரில் இல்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற சங்கப் புலவர், புறநானூற்றின் 132-ஆம் பாட்டில் ஆய் அண்டிரனின் ஆய்குடியை வடக்கே இருக்கும் இமயத்துக்குச் சரிசமமாகத் தெற்குத் தட்டில் வைக்கிறார். இது இல்லாவிட்டால் உலகமே நிலை புரளும் என்கிறார். அந்தக் ‘குடி’ ஊரா, குலமா என்று உரையாசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். வள்ளலைப் புகழ்வதில் புலவர் கொஞ்சம் கூடுதலாகவே போயிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வடக்கில் மட்டும் கனத்தை ஏற்றினால் உலகம் சாயும் என்று ஒருவருக்கு அன்றைக்கே தோன்றியிருக்கிறது.

‘முட’ என்ற அடைமொழியை வைத்து அந்தப் புலவர் கால் ஊனமுற்றவராக இருந்திருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். இதே ஊரில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கு பெங்களூர் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்து திரும்பியவர். தனக்கு வைத்தியம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். தசைச் சிதைவு நோய் உள்ள பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பிறகு வந்து சேர்ந்துகொண்டார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவும் பேச்சாளருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் ‘சேவை’ என்ற பெட்டியில் போட்டு மூடியிருப்பார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

சங்கத்திலிருந்து வரும் களப்பணிப் பெண் ஒருத்தியின் வேலையை எங்கள் பக்கத்துத் தெருவில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தை, இரண்டு வயசு தாண்டியும் தலை நிற்கவில்லை. அவள் ஒரு துண்டைச் சுருட்டி, குழந்தையைக் குப்புறப் போட்டு நெஞ்சுக்குக் கீழே வைக்கிறாள். முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள். குழந்தை தலையைத் தூக்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணுகிறாள். தலை சாய்ந்ததும் கையிலிருக்கும் செயலியில் அந்த எண்ணைப் பதிகிறாள். அம்மாவையும் அதே மாதிரி செய்து காட்டச் சொல்கிறாள். அந்தப் பதிவை இயன்முறை மருத்துவர் பார்த்து அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற அந்தச் செயலி இந்த வேலைக்காகவே உருவானது. குழந்தைகளின் முன்னேற்றம், அம்மாக்களின் மனச்சுமை, வீடு வீடாகப் போகும் பணியாளர்களின் நிலைமை என்று எல்லாம் அளக்கப்பட்டு, கனடா ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து சர்வதேச ஆய்விதழ்களில் கட்டுரைகளாக வந்திருக்கின்றன. கேள்வி கேட்டு, அளந்து, பதிந்து, மாற்றி, மறுபடி அளந்து, பிறர் சரிபார்க்க வெளியில் வைப்பதற்கு என்ன பெயர் அண்ணாச்சி? நான் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் ஆராய்ச்சி என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். இதற்குக் கைகொடுத்த பணத்தில் கனடா அரசின் பணமும் உண்டு. ஆய்க்குடியில் ஆராய்ச்சி நடக்கும் என்று ஒட்டாவாவில் இருப்பவருக்குத் தெரிகிறது, பொதிகை ரயிலில் வருகிறவருக்குத் தெரியவில்லை.

சரி, கொரியாவுக்கு வருவோம். அவருடைய பெரிய சீட்டு அதுதான். கொரியா ஏழையாக இருந்தபோது ஒரே இடத்தில் காசைக் குவித்துத்தான் மேலே வந்தது என்றார். பாதி உண்மை. 1966-இல் கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அமெரிக்க உதவியோடு அரசே தொடங்கியது. வெளிநாட்டிலிருந்த கொரியர்களைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகப் பேராசிரியரைவிட அதிகச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தது. அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி ஏழு வருஷம் கழித்து நடந்தது. 1973-இல் தலைநகர் சியோலை விட்டுத் தெற்கே வெகுதூரம் தள்ளி, டேஜானுக்குப் பக்கத்தில் டேடொக் அறிவியல் நகரைக் கொரிய அரசு திட்டமிட்டது. ஆய்வு நிலையங்களை அங்கே கொண்டுபோய் வைத்தது. அவர் சாட்சிக்குக் கூப்பிட்ட ஆளே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறான்.

அவ்வளவு தூரம் போவானேன். கோயம்புத்தூரில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. அன்றைக்கு ஜாவாச் சர்க்கரை இந்தியச் சந்தையை மூடிக்கொண்டிருந்தது. வடநாட்டில் விளைந்தது ஒல்லிக் கரும்பு, சாறு குறைவு. தடித்த வெளிநாட்டுக் கரும்பை அப்படியே கொண்டுபோய் நட்டால் அங்கத்திக் குளிருக்கும் நோய்க்கும் தாங்கவில்லை. இன்றைய பேச்சாளர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் லக்னோவிலோ கல்கத்தாவிலோ பெரிய கட்டடத்தில் நிலையத்தை வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் கரும்பு வடக்கே சரியாகப் பூத்து விதை பிடிக்காது. கோவைச் சீமையில் பூக்கும், விதை பிடிக்கும். அந்த ஒரு காரணத்துக்காக நிலையம் இங்கே வந்தது. அங்கே ஆய்வு செய்த பார்பரும், அவருக்குப் பின் டி.எஸ். வெங்கடராமனும் தடித்த கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்தார்கள். கரும்பையும் நாணலையும் சேர்ப்பதாவது என்று அன்றைக்கும் சிரித்திருப்பார்கள். 1918-இல் கோ 205 வெளிவந்தது. பஞ்சாப் வயல்களின் தலையெழுத்தைக் கோயம்புத்தூர் மாற்றியது. பிறகு கோ ரகங்கள் உலகத்தின் பல கரும்பு நாடுகளில் தாய், தகப்பன் வரிசையில் ஏறின. இடத்தைத் தேர்ந்தெடுத்தது குழு இல்லை, கரும்பு. வெளியில் விலைக்குக் கிடைக்கிறதே என்ற வாதத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஜாவாக் கரும்பு விலைக்குக் கிடைத்தது. பஞ்சாபின் குளிர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வகம் வைத்ததற்கும் பின்னணியில் பஞ்சம் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் தமிழ்நாடு செத்து மடிந்த பிறகு, சூரியனின் மாறுதலுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் ஆசை அரசுக்கு வந்தது. மழை பற்றி அந்த ஆய்வகம் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் அங்கே உட்கார்ந்து, சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். இன்றைக்கும் உலகப் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு. சென்னையிலேயே ‘செறிவாக’ வைத்திருந்தால் மேகத்தையும் புழுதியையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். தும்பாவில் 1963-இல் முதல் ராக்கெட் எழும்பியதும் காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்தின் தலைக்குமேல் போனதால்தான். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்ததால். காரைக்குடியில் என்ன மின்வேதியியல் என்று 1948-இல் யாராவது கேட்டிருப்பார்கள். நேரு கேட்கவில்லை. வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மேடையில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கூட்டத்தன்று காலைப் பலகாரம் இட்லி. மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. பேச்சாளரும் ரசித்துச் சாப்பிட்டார், பார்த்தேன். இடைவேளையில் சமையற்கட்டுப் பக்கம் போய், என்ன அரிசி என்று கேட்டேன். தவசிப்பிள்ளை நிமிராமலே, “அம்பை பதினாறுதான் அண்ணாச்சி, வேற எதைப் போட” என்றார்.

அம்பை 16 என்பது அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை. நிலையம் 1937-இல் வந்தது, ரகம் வெளியானது 1986-இல். 110 முதல் 115 நாளில் அறுவடைக்கு வரும் குட்டைப் பருமன் அரிசி. கார் பருவத்தில் எங்கள் பக்கத்து வயல்காரர்களிடம் என்ன நட்டிருக்கிறாய் என்று கேட்டால் இன்றைக்கும் பலர் வாயில் வரும் பெயர். அதன் தாய் ஆடுதுறை 31, தகப்பன் கோ 39. அதாவது, தஞ்சைப் பக்கத்து ஆடுதுறையில் ஒரு நிலையம் தன் மண்ணுக்கு ஒன்றை உருவாக்கியது. கோவையில் ஒரு நிலையம் வேறொன்றை உருவாக்கியது. அம்பையில் இருந்தவர்கள் இரண்டையும் வாங்கித் தாமிரபரணித் தண்ணீரில் கலியாணம் செய்து வைத்தார்கள். நண்பர் இருபது தடவைக்கு மேல் உச்சரித்தாரே ஈகோசிஸ்டம், அது இட்லித் தட்டில் அவர் முன்னால் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

ஒரு தடவை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நெல் ஒட்டுக் கட்டுவதைப் பார்க்கப் போனேன். விடிந்தும் விடியாத நேரம். நெல்பூ முற்பகலில் கொஞ்ச நேரமே வாய் திறக்கும். அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். குட்டைக் கத்தரியால் ஒவ்வொரு பூவின் நுனியையும் சாய்வாக நறுக்குகிறார் ஒருவர். சாமணத்தை உள்ளே விட்டு மகரந்தப்பைகளை எடுக்கிறார். ஒரு பூவில் ஆறு இருக்கும். ஒன்று தங்கினாலும் அந்தப் பூ கெட்டது. ஐந்து எடுத்துவிட்டு ஆறாவதைத் தேடி மூச்சை அடக்குகிறார். முடிந்ததும் கதிருக்கு வெண்ணெய்த்தாள் உறை மாட்டி, பென்சிலால் எண் எழுதிக் கட்டுகிறார். மறுநாள் தகப்பன் கதிரைக் கொண்டுவந்து அந்த உறைக்குள் உதற வேண்டும். அப்படிக் கிடைக்கும் ஒரு பிடி விதையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, கழித்து, பல ஊர்களில் நட்டுப் பார்த்து, ஒரு ரகம் வெளியே வரப் பத்து வருஷம்வரை ஆகும். கழிபடுவதே அதிகம். பிள்ளைகளில் ஒருத்தன் கேட்டான்: “சார், இவர் என்ன படிச்சிருக்காரு?” அவர் பத்தாவது. அந்த விரல்களில் இருந்த படிப்புக்கு நம் அரசாங்கம் இன்னும் பட்டம் கண்டுபிடிக்கவில்லை. நண்பரின் பத்துப் பன்னிரண்டு பெரிய நிறுவனத் திட்டத்தில் இந்த ஆளுக்கு நாற்காலி எங்கே? குற்றாலத்துக்கு மேலே ஏறிப் பார்த்திருந்தால் தெரியும். பத்துத் தேக்கை நட்டு வேலி போட்டால் அதற்குப் பெயர் தோப்பு. காடு வேறு.

அடுத்தது மத்தளம்பாறை. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ அங்கே 2011-இல் அலுவலகம் திறந்தது. அதை நடத்திய ஸ்ரீதர் வேம்பு 2019-இல் குடியே வந்துவிட்டார். 2025 ஜனவரியில் தலைமைப் பொறுப்பை விட்டு, ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் தலைமை விஞ்ஞானியாக மாறினார். எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம் மட்டுமே. இதை வைத்து நண்பர் என்ன சொல்கிறார்? பாருங்கள், அரசு ஒதுங்கிக்கொண்டால் தனியார் கிராமத்துக்கே வந்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்கிறார். ஒரு வாதத்தில் சின்ன ஊருக்கு ஆராய்ச்சி ஆகாது என்கிறார், அடுத்ததில் சின்ன ஊரையே சாட்சிக்கு இழுக்கிறார். இரண்டில் ஒன்றை அவர் தென்காசி ஜங்ஷனிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. மென்பொருளுக்கு மூளையும் மின்சாரமும் பொறுமையும் போதும். அதே நிறுவனம் சில்லு தயாரிக்கும் ஆலைக்குத் திட்டம் போட்டது. சுமார் 70 கோடி டாலர் என்று பேசப்பட்டது. 2025-இல் அதை நிறுத்தி வைத்தது. தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வராமல் மக்களின் வரிப்பணத்தை வாங்க மனமில்லை என்று வேம்புவே வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதிலிருந்து தெரிவது என்ன? இவ்வளவு பிடிவாதமான, பங்குச்சந்தைக்குக்கூடப் போகாத ஒரு கம்பெனியே, அடித்தளம் இல்லாத துறையில் தனியாகக் கால் வைக்க முடியாது என்று கண்டுகொண்டது. அந்த அடித்தளத்தைப் போடுவது யார்? அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறவர்கள் இந்தக் கேள்வி வரும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2020-21 நிலவரப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், ரூபாயில் சுமார் 1.27 லட்சம் கோடி. சீனா 2.4 சதவீதத்தை ஒட்டி, கொரியா 5 சதவீதத்தை ஒட்டி. இந்தியச் செலவில் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, கொரியாவில் ஐந்தில் நான்கு. இதைக் காட்டித்தான் தனியாருக்கு விடுங்கள் என்கிறார்கள். கொரியத் தனியாரும் முதல் நாளே பை நிறையப் பணத்தோடு ஆய்வகத்துக்கு வந்துவிடவில்லை. அரசு முன்னால் போய் ஆளையும் ஆய்வகத்தையும் நிறுத்திய பிறகு, ஏற்றுமதிச் சந்தையில் அடி வாங்கிய பிறகு வந்தார்கள். இங்கே 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் அரசு போடுவது 14,000 கோடி. பாக்கி 36,000 கோடி தனியாரிடமும் கொடையாளர்களிடமும் இருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. மாப்பிள்ளை வீட்டார் மொய்யை நம்பி மண்டபம் பிடித்த கதை.

2025 ஜூலையில் இன்னொரு அறிவிப்பு: ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கு ஒரு லட்சம் கோடி. வரவேற்கிறேன். ஆனால் அது குறைந்த வட்டிக்கோ வட்டியில்லாமலோ நீண்ட நாள் கடன், பங்கு முதலீடு என்ற வழிகளில் தனியார் துறைக்குப் போகிறது. அதுவும் தொழில்நுட்ப முதிர்ச்சியில் நான்காம் படியையோ அதற்கு மேலேயோ எட்டிய திட்டங்களுக்கு. ஆய்வகத்தில் வேலை செய்கிறது என்று நிரூபித்துக்காட்டிய பிறகு என்று பொருள். வெண்ணெய்த்தாள் உறைக்குள் இருக்கும் கதிர் எத்தனையாம் படி? ஆறாவது மகரந்தப்பையைத் தேடும் விரல் எத்தனையாம் படி?

வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற வாதத்துக்கு எங்கள் குற்றாலமே ஒரு பழைய பதில் வைத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துத் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். 1830-களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் அதே மலையில் செடி செடியாகச் சேகரித்தார். அவருக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பேர் படம் வரைந்து கொடுத்தார்கள். அந்தப் படங்களின் நுணுக்கத்தை இன்றைக்கும் தாவரவியலாளர்கள் மெச்சுகிறார்கள். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயர் சூட்டினார். பிறகு வகைப்பாட்டில் அந்தப் பெயர் நிற்காமல் போனது. நம்ம மலையின் செடியைப் பற்றி உறுதியாகத் தெரிந்துகொள்ள நம்ம பிள்ளை, செடி மாதிரிகள் போய்ச் சேர்ந்த எடின்பரோவுக்கும் கியூவுக்கும் எழுதிக் கேட்க வேண்டிய நிலை பல தலைமுறை நீடித்தது. வைட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை, உழைத்த மனுஷர். ஆனால் அளப்பவன் கையில்தான் கணக்கு இருக்கும்.

நண்பர் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சின்ன இடங்களில் ஆராய்ச்சி என்ற பெயரில் நடக்கும் கூத்துக்கு அளவில்லை என்றார். உண்மை. பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே ஆய்வேடு எழுதிக் கொடுக்கும் கடையும் இருக்கிறது, அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று விலை பேசலாம். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் உண்டு. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்கிறார்கள், எண்ணிக்கை வருகிறது. ஆனால் இந்த எண்ணிக்கை விளையாட்டுக்கு விதி எழுதியது ஆய்க்குடிக்காரனா? குழுக்களில் உட்கார்ந்து இத்தனை கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண் என்று அட்டவணை போட்டவர்கள் இன்று கிராமத்துக் கல்லூரியைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறார்கள்.

வசதி செய்து கொடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகையை எடுத்துவிட்டு 18 ஆக்கினார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருட்களுக்கு இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதத்துக்குத் தூக்கினார்கள். ஆய்வகப் பெயரில் எரிசாராயம் வருகிறது என்பது காரணம். சாராயக்காரனைப் பிடிக்க வலை வீசி ஆராய்ச்சிக்காரனைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். விஞ்ஞானிகள் கூச்சல் போட்ட பிறகு அடுத்த மாதமே பழைய 10 சதவீதத்துக்கு இறங்கி வந்தார்கள். முப்பது வருஷம் பிப்பெட் பிடித்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: சுருட்டி வைத்துவிட்டு மறுபடி விரிப்பதற்கு ஆராய்ச்சி என்ன பாயா?

என் தங்கை மகள் ஒருத்தி. எலுமிச்சையில் வரும் சொறிநோயைப் பற்றி ஆய்வு செய்யச் சேர்ந்தாள். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைதான் பிழைப்பு. இலையிலும் காயிலும் தடிப்புத் தடிப்பாகப் புள்ளி விழுந்தால் சந்தையில் காய் பாதி விலைக்குப் போகும். அதே தோப்பில் சில மரங்களுக்கு மட்டும் புள்ளி கம்மியாக விழுகிறது, ஏன் என்பது அவள் கேள்வி. நல்ல கேள்வி, விவசாயிகளே கேட்கும் கேள்வி. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை, சொல்லி ஆவதும் இல்லை. மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்று உத்தரவில் இருந்தது. முதல் ஒன்பது மாசம் ஒரு பைசா வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது, மறுபடி நின்றது. பாக்டீரியா வளர்க்கும் கலவைக்கு அவளே கைக்காசு போட்டாள். கோடையில் மின்சாரம் போய்ப் போய் வளர்ப்புகள் கெட்டன. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது வருஷம் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். நல்ல சம்பளம். நண்பரின் கணக்கில் இது வெற்றி: சின்ன ஊர், பயிற்சி பெற்ற பிள்ளை, நகரத்தில் வேலை.

துறையின் குளிர்பெட்டியை ஒழித்துத் தரச் சொன்னார்கள் என்று, கிளம்புவதற்கு முந்தின வாரம் மிச்சமிருந்த இலை மாதிரிகளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்திரண்டு உறைகள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தேதி, தோப்பு, மரத்தின் எண், புள்ளிகளின் எண்ணிக்கை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்க அதுதான் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் மாமா என்றாள். இரண்டு பொங்கல் போய்விட்டது. காய்கறி வைக்க இடம் இல்லை என்று வீட்டில் சத்தம்.